ஐபோன் 13 மினியை விட்டு கேலக்ஸி ஏ56-க்கு மாறலாமா?

தண்டையார்பேட்டையில் குடியிருந்து, மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் மேற்பார்வையாளராக இருக்கும் நீங்கள் கேட்டிருப்பது இதுதான். 2022-இல் வாங்கிய ஐபோன் 13 மினி, காலை ஏழு மணிக்கு முழுச் சார்ஜுடன் கிளம்பினாலும் பிற்பகல் இரண்டு மணிக்கு அணைந்துவிடுகிறது. பேட்டரி நலம் 77 சதவீதம் என்று காட்டுகிறது. வேலை முடிய மாலை ஏழாகும். உங்கள் தம்பி, “எட்டு ஜிபி ராம், ஐம்பது மெகாபிக்சல் கேமரா, புது மாடல், பேசாம சாம்சங் ஏ56 வாங்கிடுண்ணே” என்கிறார். உங்களுக்கோ கைக்கு அடக்கமான போனை விட மனமில்லை. பேட்டரியை மட்டும் மாற்றினால் போதுமா, போனையே மாற்ற வேண்டுமா என்பது கேள்வி. வயது 46 என்பதையும், டெலிவரி ஆர்டர் (கன்டெய்னரை ஒப்படைக்கச் சொல்லும் உத்தரவு) பிடிஎஃப்களை இரு விரலால் விரித்து விரித்துப் படிக்க வேண்டியிருக்கிறது என்பதையும் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான்.

உங்கள் தம்பி சொல்லும் முடிவு சரி. அதற்கு அவர் சொல்லும் மூன்று காரணங்களும் பொருந்தாதவை. வேகம், மெகாபிக்சல், புதுசு ஆகிய மூன்றையும் நம்பி வாங்கினால், முதல் வாரத்திலேயே “நாற்பதாயிரம் போட்டும் பழைய போன் போல இல்லையே” என்று தோன்றும். எதற்காக மாறுகிறோம் என்று தெரிந்து மாறினால் அந்த ஏமாற்றம் வராது.

முதலில் வேகம். 13 மினி 2021 செப்டம்பரில் வந்தது. அதிலிருக்கும் ஏ15 பயோனிக் சில்லு அந்த ஆண்டின் உயர்விலைப் போன்களுக்காகச் செய்யப்பட்டது. ஏ56 வந்தது 2025 மார்ச்சில். அதன் எக்ஸினோஸ் 1580 நடுத்தர விலைப் போன்களுக்கானது. செயலியைத் திறப்பது, கேமராவைச் சட்டென்று எழுப்புவது, கனமான இணையப் பக்கத்தை விரிப்பது போன்ற அன்றாட வேலைகள் பெரும்பாலும் சில்லின் ஒற்றைக் கோர் (கணக்குப் போடும் தனிப் பகுதி) வேகத்தைப் பொறுத்தவை. அந்த வேகத்தில் இன்றும் ஏ15 தான் தெளிவாக முன்னே நிற்கிறது. கடையில் ஏ56-ஐக் கையில் எடுத்துத் தள்ளிப் பார்த்தால் அதுதான் வேகமாகத் தெரியும். அதன் திரை வினாடிக்கு 120 முறை புதுப்பிக்கப்படுகிறது, மினியின் திரை 60 முறைதான். கண்ணுக்குத் தெரியும் அந்த வழுவழுப்பை வேகம் என்று எண்ணிவிடுவது இயல்பு. ராம் விஷயத்தில் மட்டும் தம்பியின் பேச்சில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஐபோன் குறைந்த ராமிலேயே சமாளிக்கும் என்றாலும், மினியின் 4 ஜிபி-யில், துறைமுக இணையதளத்தில் படிவம் நிரப்பிக்கொண்டிருக்கும்போது கேமராவுக்குப் போய்த் திரும்பினால் பக்கம் மறுபடி முதலிலிருந்து ஏறுவது உண்டு. 8 ஜிபி உள்ள போனில் அந்தத் தொல்லை அரிது.

கேமராவைப் பற்றி உங்கள் வேலையை வைத்தே பேசலாம். கன்டெய்னர் எண்ணை எந்தக் கேமராவும் படித்துவிடும்: ஐஎஸ்ஓ 6346 தரத்தின்படி நான்கு ஆங்கில எழுத்து, ஆறு இலக்கம், ஒரு சரிபார்ப்பு இலக்கம், அதுவும் குறைந்தது 100 மி.மீ. உயரத்தில் எழுதப்பட்டிருக்கும். உண்மையான சோதனை சீல் எண். கன்டெய்னர் கதவைப் பூட்டும் போல்ட் சீலின் தலையில் பொடியாகப் பொறித்த எண்ணை, வெயில் பட்டுப் பளபளக்கும் உலோகத்தின் மேல் படமெடுக்க வேண்டும். மினியின் முதன்மைக் கேமரா மிக அருகில் போனால் ஃபோகஸ் ஆகாது. ஏ56-இல் 5 மெகாபிக்சல் மேக்ரோ என்று ஒரு கேமரா தனியாக உண்டு. விளம்பரத் தாளில் ஒரு வரி கூட்டுவதற்காக வைத்தது என்பதுதான் என் கருத்து, அதை நம்ப வேண்டாம். இரண்டு போனிலும் சற்றுப் பின்னால் நின்று இரட்டிப்பு ஜூமில் எடுப்பதே நல்லது. அப்படி எடுக்கும்போது, ஏ56-இல் 50 மெகாபிக்சல் முறையை நீங்களே தேர்ந்தெடுத்தால் வெட்டிப் பெரிதாக்க அதிக இடமிருக்கும். அந்த முறையைத் தேர்ந்தெடுக்காவிட்டால், நான்கு பிக்சலை ஒன்றாகச் சேர்த்து அதுவும் சுமார் 12 மெகாபிக்சல் படத்தைத்தான் தரும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் மேலும் சுருங்கிவிடுகிறது. டாக்குமென்டாக அனுப்பினால்தான் எடுத்தபடியே போய்ச் சேரும். சுங்கத் தகராறு வரக்கூடிய சீல் படங்களை அப்படி அனுப்பும் பழக்கம் எந்தப் போன் வைத்திருந்தாலும் நல்லது. இரவில் நகரும் டிரெய்லரை எடுக்க மினியே மேல். வீடியோவிலும் மினி 4கே தரத்தில் வினாடிக்கு 60 சட்டகம் எடுக்கும், ஏ56 30-தான்.

பேட்டரியில்தான் உங்கள் புகார் தொடங்குகிறது. மினியின் பேட்டரி புதிதாக இருந்தபோதே சுமார் 2,400 எம்ஏஎச் தான். ஐபோன் 14 வரையிலான மாடல்களுக்கு, 500 முழுச் சார்ஜ் சுற்றுகளில் 80 சதவீதம் மிஞ்சும்படி வடிவமைத்திருப்பதாக ஆப்பிள் சொல்கிறது. நீங்கள் அந்த எல்லையைத் தாண்டிவிட்டீர்கள். 77 சதவீதத்தில் ஏழு மணி நேரம் வருகிறதென்றால், புதுப் பேட்டரியில் கணக்குப்படி ஒன்பது மணி நேரம் வரும். மூப்படைந்த பேட்டரியின் உள்மின்தடை கூடியிருப்பதால், திரையில் பத்து சதவீதம் காட்டும்போதே போன் அணைவது உண்டு. அதுவும் நின்றுவிடும் என்று வைத்தாலும் மாலை நான்கரை, ஐந்து மணி. ஏழு மணிக்கு இன்னும் இரண்டு மணி நேரம் குறைகிறது.

இந்தக் குறைக்கு உங்கள் யார்டும் ஒரு காரணம். ஐந்தடுக்காக நிற்கும் எஃகுப் பெட்டிகளுக்கு நடுவே அலைவரிசைக்கு நேர்வழி கிடைப்பதில்லை. கோபுரம் எட்டவில்லை என்று தெரிந்ததும் போன் தன் பரப்புத் திறனைக் கூட்டிக்கொண்டே போகும். 5ஜி-க்கும் 4ஜி-க்கும் மாறி மாறித் தாவும். வெயிலில் படிக்கத் திரையின் ஒளியையும் முழுதாகக் கூட்டியிருப்பீர்கள். வீட்டில் ஒரு நாள் முழுக்க வரும் பேட்டரி அங்கே அரை நாளில் தீர்வதில் வியப்பில்லை. பேட்டரி மாற்றுவதற்கு முன்பே ஒன்று செய்து பாருங்கள்: யார்டுக்குள் இருக்கும் நேரத்தில் மொபைல் டேட்டா அமைப்பில் 5ஜி-யை விலக்கி எல்டிஇ-யை (அதாவது 4ஜி) மட்டும் தேர்ந்தெடுங்கள். சீல் படம் அனுப்ப 4ஜி தாராளம். கணிசமான நேரம் மிச்சமாகலாம்.

ஏ56-இன் பேட்டரி 5,000 எம்ஏஎச், மினியைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். ஆனால் நேரமும் இரண்டு மடங்காகும் என்று கணக்கிட முடியாது. அதன் திரைப்பரப்பு மினியினுடையதைப் போல் ஒன்றரை மடங்கு, ஒளியும் அதிகம், புதுப்பிப்பு வீதமும் இரட்டிப்பு; மூன்றும் தங்கள் பங்கைத் தின்னும். உங்கள் உழைப்புக்கு, புதுப் பேட்டரி போட்ட மினி ஒன்பது மணி நேரம் தருமென்றால் ஏ56 பதின்மூன்று, பதினான்கு மணி நேரம் தரும் என்பது என் மதிப்பீடு. வேலை நேரத்தை அது தாண்டிவிடும். ஹாட்ஸ்பாட் போட்டாலும் வீடு வந்து சேரலாம்.

இவ்வளவு சொன்ன பிறகும், பேட்டரி ஒன்றுதான் குறை என்றால் போனை மாற்றச் சொல்லியிருக்க மாட்டேன். மினியை 20 வாட் சார்ஜரில் அரை மணி நேரம் செருகினால் பாதி நிரம்பிவிடும். கேட் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அதைச் செய்தாலே அந்த இரண்டு மணி நேரக் குறை தீர்ந்துவிடும்.

மாற்றச் சொல்வது உங்கள் கண்ணுக்காக. நாற்பதைத் தாண்டியவர்களுக்கு வெள்ளெழுத்து வருவது இயல்பு. விழிவில்லையின் நெகிழ்வு குறைந்து, கிட்டத்தில் இருப்பது தெளிவில்லாமல் போகும். மற்ற செயலிகளில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம், அது அமைப்புகளிலேயே இருக்கிறது. பிடிஎஃப் அப்படி வளைந்து கொடுக்காது. அது ஏ4 தாளின் படம். தாளின் அகலம் 210 மி.மீ. மினியின் 5.4 அங்குலத் திரையை நிமிர்த்திப் பிடித்தால் படிக்கக் கிடைக்கும் அகலம் ஏறக்குறைய 57 மி.மீ.; அதாவது தாளில் 10 பாயின்டில் (பாயின்ட் என்பது அச்செழுத்தின் அளவு) அச்சான எழுத்து, 3 பாயின்டுக்கும் கீழே சுருங்கிவிடும். படுக்கவைத்தால் அகலம் 124 மி.மீ. ஆகி, எழுத்து 6 பாயின்டை நெருங்கும். ஏ56-இன் 6.7 அங்குலத் திரையைப் படுக்கவைத்தால் அகலம் 154 மி.மீ., எழுத்து 7 பாயின்டுக்கு மேல். நாளிதழின் வரிவிளம்பர எழுத்துக்கு அருகில் வந்துவிடுகிறது. வாசிப்புக் கண்ணாடி போட்டால் விரிக்காமலே படிக்கலாம். மினியில் கண்ணாடி போட்டும் விரித்துத்தான் ஆக வேண்டும், விரித்தால் வரியின் இடப்பக்கமும் வலப்பக்கமும் மாறி மாறி ஓடும், ஒரு கையில் பேனாவும் தாளும் இருக்கும்போது அது பெரிய இடைஞ்சல். கன்டெய்னர் எண்ணில் ஒரு இலக்கம் பிசகினால் தவறான பெட்டி லாரியில் ஏறிவிடும் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்தச் சிரமம் வருடம் போகப் போகக் கூடுமே தவிர குறையாது; பேட்டரியை மாற்றுவதால் அது தீரவும் போவதில்லை. எனினும், முதலில் ஒரு கண் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். கண்ணாடி எண் சரியாக அமைந்த பிறகே கடைக்குப் போய், உங்களுடைய டெலிவரி ஆர்டர் ஒன்றை ஏ56-இல் திறந்து படித்துப் பாருங்கள்.

வெயிலில் படிப்பதிலும் ஏ56 முந்துகிறது. மினியின் ஒளி சாதாரணப் பயன்பாட்டில் 800 நிட் (திரை ஒளியை அளக்கும் அலகு). ஏ56 கடும் வெளிச்சத்தில் 1,200 வரை போகும். இரண்டுமே சூடேறினால் தாமாக ஒளியைக் குறைத்துக்கொள்ளும். ஐபோனை 35 டிகிரி வரையுள்ள சூழலில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். கத்திரி வெயிலில் மணலி எத்தனை டிகிரி என்பது உங்களுக்கே தெரியும். சூட்டோடு சூடாகச் சார்ஜும் போடுவதுதான் பேட்டரியைச் சீக்கிரம் கொல்வது, ஆகவே புதுப் போனை வெயிலில் நிற்கும் வண்டியின் டாஷ்போர்டில் வைத்துச் சார்ஜ் செய்யாதீர்கள்.

இனி, நீங்கள் இழக்கப்போவது. மினியின் அகலம் 64.2 மி.மீ., எடை சுமார் 140 கிராம். ஏ56-இன் அகலம் 77.5 மி.மீ., எடை 198 கிராம், உயரம் மூன்று சென்டிமீட்டர் கூடுதல். கட்டைவிரல் திரையின் மறுமூலைக்கு எட்டாது. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சீல் பார்க்கக் குனிந்தால் போன் முதலில் தரைக்குப் போகும்; கழுத்துக் கயிறோ இடுப்புப் பையோ அவசியம். வண்டியின் ஹேண்டில்பாரில் பொருத்தும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள். மோட்டார் சைக்கிள் எஞ்சினின் வலுவான அதிர்வு, கேமராவின் நடுக்கத் தடுப்புப் பொறியைக் கெடுக்கலாம் என்று ஆப்பிளே 2021-இல் எச்சரித்தது. அதே வகைப் பொறி ஏ56-இலும் உண்டு. எண்ணூர் நெடுஞ்சாலையில் டிரெய்லர்கள் தோண்டிவைத்திருக்கும் பள்ளங்களைப் பற்றி ஆப்பிளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

சிறியதாகவே வேண்டும் என்று அடம்பிடித்தால் வழி குறுகலானது. 2022-இல் ஐபோன் 14 வரிசையிலிருந்து மினியை எடுத்துவிட்டு, பெரிய திரை கொண்ட பிளஸ் மாடலை ஆப்பிள் கொண்டுவந்தது. 2023-இல் 13 மினியின் விற்பனையையும் நிறுத்தியது. நடுத்தர விலையில் அந்த அளவுக்கு ஈடாக எதுவும் வரவில்லை. சாம்சங்கின் எஸ்25 தான் கொஞ்சம் கிட்டே வருகிறது, 70.5 மி.மீ. அகலம், 162 கிராம். ஆனால் அது வேறு விலைத்தட்டு, திரையும் 6.2 அங்குலமே.

பூட்டைத் திறப்பதிலும் ஒரு சின்னச் சறுக்கல் இருக்கும். மினி முகத்தைப் பார்த்துத் திறக்கும், தூசிக்காக மாஸ்க் போட்டிருந்தாலும் ஐஓஎஸ் 15.4 முதல் திறக்கும். ஏ56-இல் திரைக்கு அடியில் கைரேகை உணரி. வியர்வையும் கிரீசும் படிந்த விரலை அது அடிக்கடி மறுக்கும். ஒரே விரலை இரண்டு முறை பதிந்துவைத்துப் பாருங்கள், தொல்லை குறையலாம். வயர் இல்லாமல் சார்ஜ் செய்யும் வசதியும் ஏ56-இல் கிடையாது.

தண்ணீரைப் பொறுத்தவரை மினிக்கு ஐபி68 (நீர், தூசி புகாமைக்கான தர எண்), ஏ56-க்கு ஐபி67. இரண்டுமே ஆய்வுக்கூடத்து நன்னீரில் சோதித்துக் கொடுத்த சான்று. கடல் உப்புக்காற்றுக்கோ, மழைக்காலத்தில் வியாசர்பாடியிலும் கொருக்குப்பேட்டையிலும் தேங்கும் நீருக்கோ அது உத்தரவாதம் ஆகாது.

“புதுசு” என்ற மூன்றாவது காரணத்தை ஆயுள் என்று எடுத்துக்கொண்டால் மட்டும் அதற்குப் பொருளுண்டு. ஏ56 ஆண்ட்ராய்டு 15-உடன் வந்தது. ஆறு ஆண்ட்ராய்டு மேம்பாடும் ஆறு ஆண்டுப் பாதுகாப்புத் திருத்தமும் உண்டு என்று சாம்சங் அறிவித்திருப்பதால் 2031 வரை கவலையில்லை. மினிக்கு ஆப்பிள் அப்படித் தேதி சொல்லி உறுதி தரவில்லை. 2018-இன் ஐபோன் எக்ஸ்ஆர், ஐஓஎஸ் 18 வரை பெற்று, 2025-இன் ஐஓஎஸ் 26-இல் கழற்றிவிடப்பட்டது. அதே ஏழாண்டுக் கணக்கு மினிக்கும் பொருந்தினால் 2028 வரை ஓடும். இன்றைக்கு ஐஓஎஸ் 26 அதில் இயங்குகிறது, வங்கிச் செயலிகளும் யுபிஐ-யும் தடையில்லாமல் நடக்கின்றன. ஆகவே மினியை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடாதீர்கள். மெட்ரோவில் கல்லூரிக்குப் போய்வரும் மகள் இருப்பதாகச் சொன்னீர்கள்; புதுப் பேட்டரி போட்டுக் கொடுத்தால் அவருக்கு இன்னும் சில ஆண்டுகள் தாராளமாக உழைக்கும்.

அந்தப் பேட்டரியை எங்கே மாற்றுவது என்பதில் கவனம் தேவை. பர்மா பஜாரிலும் ரிச்சி தெருவிலும் கைத்தேர்ச்சி உள்ளவர்கள் பலர் இருக்கிறார்கள், வேலையில் குறை சொல்ல முடியாது. பிரச்சினை பேட்டரியில்தான் வரும். அசல் அல்லாத பேட்டரி போட்டால், அமைப்புகளில் அறியாத பாகம் என்று போன் எழுதிவைக்கும். பின்னால் விற்கும்போது விலை இறங்கும். திரையைத் தூக்கித்தான் பேட்டரியை எடுக்க வேண்டும் என்பதால், நீர் புகாமல் காக்கும் ஒட்டுப்பட்டையும் கிழிந்துபோகும்; புதுப்பட்டை ஒட்டாமல் மூடும் கடைகளே அதிகம். அங்கீகரிக்கப்பட்ட சேவை மையத்தில் விலையைக் கேட்டுவிட்டு, வித்தியாசம் உங்களுக்குத் தாங்குமென்றால் அங்கேயே செய்யுங்கள். ஆப்பிள் தன் விநியோகத்தை நிறுத்தி ஐந்து ஆண்டுகள் கடந்த மாடல்களைப் பழைய வரிசையில் சேர்த்துவிடும், பிறகு பாகம் கிடைப்பது அதிர்ஷ்டம். மினிக்கு அது 2028 வாக்கில் வரும்.

ஏ56-இன் அறிமுக விலை, 8 ஜிபி ராமும் 128 ஜிபி சேமிப்பும் கொண்டதற்கு 41,999 ரூபாய். அதில் மெமரி கார்டு போட இடமில்லை. நாளெல்லாம் படமெடுக்கும் உங்களுக்கு 256 ஜிபி தான் ஏற்றது. கார்டு அவசியம் என்றால் முந்தைய ஏ55 கார்டை ஏற்கும். ஆனால் எடை 213 கிராம், சார்ஜ் 25 வாட் மட்டுமே, மேம்பாட்டு உறுதியும் குறைவு. ஏ56 45 வாட்டில் சார்ஜ் ஆகும், சார்ஜரைத் தனியாக வாங்க வேண்டும். பண்டிகைத் தள்ளுபடி வரை பொறுத்திருக்க முடிந்தால் பொறுங்கள்; அதுவரை எல்டிஇ-யும் மதியச் சார்ஜும் சமாளிக்கும்.

கடைசியாக, மாறும் நாளன்று செய்ய வேண்டியவை. பல ஆண்டு வாட்ஸ்அப் உரையாடல்களையும் சீல் படங்களையும் ஐபோனிலிருந்து சாம்சங்குக்கு முழுதாகக் கொண்டுபோக, புதுப் போனை முதன்முதலாக அமைக்கும்போதே லைட்னிங்–டைப் சி கேபிளால் இரண்டையும் இணைத்து மாற்றுவதே நம்பகமான வழி. கடைக்காரர் ஆர்வத்தில் போனைத் திறந்து கணக்கெல்லாம் போட்டுக் கொடுத்துவிட்டால், பிறகு அதை முழுதாக அழித்து முதலிலிருந்து தொடங்க நேரிடும். பெட்டியைப் பிரிக்காமல் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். மினியிலிருந்து சிம்மை எடுப்பதற்கு முன், ஆப்பிளின் குறுஞ்செய்திச் சேவையான ஐமெசேஜை அணைத்துவிடுங்கள், இல்லையேல் ஐபோன் வைத்திருப்பவர்கள் உங்களுக்கு அனுப்பும் குறுஞ்செய்திகள் பழைய போனுக்கே போய்க்கொண்டிருக்கும். மகளிடம் கொடுப்பதற்கு முன் உங்கள் ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறி, தொலைந்த போனைத் தேடித்தரும் ஃபைண்ட் மை-யை நிறுத்தி, போனை முழுதாக அழித்துவிட வேண்டும். வங்கிச் செயலிகளும் யுபிஐ-யும் புதுப் போனில் சிம் போட்டுச் சரிபார்த்து ஓடத் தொடங்கிய பிறகே அதைச் செய்யுங்கள்.